பச்சைப் பட்டாளமும் கண்டி மாநகரும்

ஒரு படை தன் ஞாபகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் சம்பிரதாயத்தையும் ஒரு கலையாகவே மதிக்கவேண்டும் என்பது என் எண்ணம். அக்கலையில் ஆங்கிலேயக் காலாட் பட்டாளங்கள் கைதேர்ந்தவை. அவற்றுள் நம் கண்டிச் சீமையின் சரித்திரத்தில் இரத்தத்தால் தன் பெயரை எழுதிச் சென்றது 19-ஆம் பட்டாளம்.

1688-இல் திரட்டப்பட்ட இப்பட்டாளத்துக்குப் பெயர் வாய்த்த விதமே ஒரு வேடிக்கை. பட்டாளங்களை அவற்றின் தளபதி பெயரால் அழைப்பது அக்கால வழக்கம். 1744-இல் ஒரே போர்க்களப் பாசறையில் ஹோவர்ட் என்னும் பெயர்கொண்ட தளபதிகள் இருவர் வந்து சேரவே, குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டுச் சிப்பாய்களின் சட்டைக் கைமடிப்பின் நிறத்தையும் கூட்டிச் சொல்லலாயினர். பச்சைத் துணி தைத்திருந்த 19-ஆம் பட்டாளம் 'பச்சை ஹோவர்ட்' ஆயிற்று. ஒரு சௌகரியத்துக்காக வந்த பெயர் பிற்காலத்தில் கௌரவச் சின்னமாகிவிட்டது! 1854-இல் கிரிமியாவின் ஆல்மா நதிக்கரையில் ரஷ்யரிடமிருந்து பறித்த முரசுகளைப் பொக்கிஷம்போல் காத்து, செப்டம்பர் 20-ஆம் தேதியை ஆல்மா தினமாகக் கொண்டாடிவந்த பட்டாளம் இது. 2006-இல் வேறு பட்டாளங்களோடு இணைக்கப்பட்டு யார்க்ஷயர் பட்டாளமாயிற்று.

ஆனால் 1796 முதல் 1820 வரை இலங்கையில் கழிந்த அதன் நெடுங்காலத்துக்கு, போர் வெற்றிகளைப் பொறிக்கும் அதன் கொடியில் ஒரு வரிகூட இருந்ததில்லை. காரணம், அங்கே நேர்ந்த படுதோல்வி.

1803 பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை கண்டது வெறிச்சோடிய நகரத்தைத்தான். கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பதிலாக முத்துசாமி என்னும் நாயக்கர் வமிசத்து இளவரசனைச் சிம்மாசனத்தில் அமர்த்தி, ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டுப் பெரும்படை திரும்பிற்று. மழையும் காய்ச்சலும் எஞ்சியோரை வாட்ட, ஜூன் 24-இல் காவற்படையின் தலைவர் மேஜர் டேவி, திருகோணமலைக்குப் பத்திரமாகச் செல்ல வழிவிடுவதாகக் கண்டியரிடம் பெற்ற வாக்கை நம்பிச் சரணடைந்தார். வட்டாப்புலுவவில் மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடியதால் படை கரையிலேயே தங்க நேர்ந்தது. அங்கே கண்டியர் முத்துசாமியைக் கேட்டார்கள்; டேவி ஒப்படைத்துவிட்டார். அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுத்த அச்செயலை எந்த நிர்ப்பந்தமும் நியாயப்படுத்தாது என்பேன். முத்துசாமி கொல்லப்பட்டான், பின்னர் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஆயுதம் களையப்பட்டு வெட்டுண்டனர், நகரத்தில் நோய்ப்படுக்கையில் கிடந்தவர்களுக்கும் அதே கதி. காவற்படையில் இருந்த 19-ஆம் பட்டாளத்துக் கார்ப்பரல் பார்ன்ஸ்லி, பிடரியில் வாள்வெட்டு விழுந்து தலை மார்பில் சாய, ஒரு கையால் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே ஆற்றைக் கடந்து, மாத்தளைப் பக்கம் மக்டவல் கோட்டையை அடைந்து செய்தி சொன்னான்.

மறு ஆண்டு நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. பல திசைகளிலிருந்தும் கண்டியை வளைக்கும் திட்டம் கைவிடப்பட்டிருக்க, கட்டளையில் நேர்ந்த பிசகால் கேப்டன் ஜான்ஸ்டன் சுமார் 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து தனியே புறப்பட்டு, போரிட்டுக்கொண்டே கண்டியை அடைந்தார். வேறு படை எதுவும் வராததைக் கண்டு, மீண்டும் போரிட்டுக்கொண்டே திருகோணமலைக்கு மீண்டார். பச்சைப் பட்டாளத்தாரும் உடன்சென்ற அந்த யாத்திரை ஆல்மாவுக்குச் சற்றும் குறைந்ததன்று. இருந்தும் அதற்கென முரசு முழங்கும் தினம் ஏதும் ஏற்படவில்லை. வெற்றியை மட்டுமே விழாவாக்கும் இச்சம்பிரதாயத்தின் குறை இது.

இன்னொரு குறையும் உண்டு: தன் பட்டாளத்துக்கு வெளியே நின்ற வீரரை அது நினைப்பதில்லை. 1803-இல் டேவியோடு இருந்தவர்களில் மலாய்ப் படையினரும் அடங்குவர். அவர்களுடைய தலைவர் கேப்டன் நூருதீனுக்கு அரசன் தன் சேனையில் உயர்பதவி தருவதாகச் சொன்னான். ஏற்கனவே செய்த சத்தியத்தை மீற இயலாதென்று அவர் மறுத்துவிட்டார், உயிரையும் இழந்தார். மலாய்ச் சிப்பாய்களின் அப்பட்டாளம் பின்னர் இலங்கை ரைபிள் பட்டாளம் எனப் பெயர்பெற்று, 1873-இல் கலைக்கப்பட்டது. அச்சிப்பாய்களின் சந்ததியார் இன்றும் கண்டியில் வாழ்கின்றனர். அந்த யுத்தத்தில் இரு தரப்பாரையும் சீர்தூக்கிப் பார்த்தால், வாக்குத் தவறாத வீரன் என்ற பெயர் நூருதீனுக்கே முதலில் உரியது.