நெல்லா, புல்லா? நாற்றங்காலிலேயே கண்டறிவோம்



நாற்றுப் பறிக்கும்போது நெல்லோடு குதிரைவாலிப் புல்லும் முடியில் சேர்ந்து வருவதுண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், களையையும் நாமே வயலில் நட்டுவிடுகிறோம். நெல்லுக்கு இட்ட உரத்தை அது பங்கு போட்டுக்கொள்ளும்; மகசூல் குறையும். ஆகவே இரண்டையும் பிரித்தறியும் வழியைக் கூற விரும்புகிறேன்.

இளம் இலை ஒன்றை மெதுவாகப் பின்னுக்கு வளைத்து, அது தண்டை விட்டுப் பிரியும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெண்மையான சவ்வு போன்ற சிறு நாக்கு இருக்கும். இருபுறமும் ரோமத்துடன் வளைந்த சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. முதிர்ந்த நெல் இலையில் காது உதிர்ந்திருக்கலாம். எனவே இளம் இலையையே பாருங்கள். அடித்தண்டின் செந்நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில நெல் இரகங்களிலும் அந்நிறம் உண்டு.

நாற்றங்காலில் தப்பியதைக் கதிர் காட்டிக்கொடுக்கும். இப்புல்லின் சிறிய மணிகள் கிளைகளில் நெருக்கமாக அமைந்திருக்கும். உயரமாக வளரும் இனத்தின் மணிகளில் பெரும்பாலும் மீசை இருக்கும். குட்டை இனத்தில் மீசை இராது, இலையில் சில சமயம் செவ்வூதாப் பட்டைகள் தெரியும்.

நெல் அறுவடைக்கு முன்பே இதன் விதைகள் முற்றி உதிர்ந்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். ஆகவே பூக்கும்போதே வேரோடு பிடுங்கி வரப்புக்கு அப்பால் அகற்றுங்கள்.

நாற்றுப் பறிப்போருக்கும் களையெடுப்போருக்கும் இந்த அடையாளத்தை நேரில் காட்டுங்கள். நாற்றங்காலில் செலவிடும் சிறிது நேரம், நடவு வயலில் களையெடுப்புக் கூலியை மிச்சப்படுத்தும்.