கடல் கடந்த இளைஞரின் பிழைகள்



நெடும்பயணம் புறப்படுவோர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். ஆயினும், அயல்நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்த ஒருவர் தாம் செய்த பிழைகளைத் தாமே ஒளிவு மறைவின்றி எழுதி வைப்பது அரிது. அத்தகைய பதிவொன்று காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யில் உண்டு. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குசராத்தி மொழியில் தொடராக வெளிவந்த அந்நூலை அரசியலுக்காகப் படிப்போர் உண்டு; ஆன்மிகத்திற்காகப் படிப்போரும் உண்டு. வெளிநாடு செல்வோர்க்கு அதன் முதற்பகுதி நல்லதொரு வழிகாட்டி என்பதை எடுத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் காந்தியடிகள் பம்பாயில் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிறைய இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயிடம் உறுதி கூறிப் புறப்பட்டவர் அவர். கடல் கடத்தல் குலத்திற்கு ஆகாது என்று சாதித் தலைவர் அவரை விலக்கி வைத்தார். வழியனுப்பச் செல்வோர்க்கு ஒரு ரூபாய் நான்கணா தண்டம் என்றும் அறிவித்தார். வெறுங்கையோடு திரும்புவதற்கு இடமில்லாத பயணம் அது. ஆகவே, அதில் நேர்ந்த சிறு பிழையும் சிறிதன்று.

முதற்பிழை, கூச்சம். கப்பலில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசுவதற்கும் முழு வாக்கியத்தை மனத்திற்குள் கட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியவில்லை. எந்த உணவில் புலால் இல்லை என்று கேட்கத் துணிவும் இல்லை. ஆகவே பொது மேசைக்கே செல்லாமல், கொண்டு வந்த இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள் இருந்தே உண்டு வந்தார். உடன் வந்த ஜூனாகத் வக்கீல், அயல்மொழியில் பிழை நேர்வது இயல்பே, தயங்காது பேசுக என்று வற்புறுத்தியும் பயனில்லை.

இரண்டாம் பிழை, கேட்டறியாமல் செய்த முடிவு. கரையிறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளியுடை ஒன்றைப் பொத்தி வைத்திருந்தார். இறங்கியதோ செப்டம்பர் மாதக் கடைசி. அத்தனை பேர் நடுவில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே. மாற்றுடை எடுக்கலாம் என்றால் பெட்டிகள் கையில் இல்லை. மற்றவர்கள் செய்ததைப் பார்த்துத் தாமும் பெட்டிகளை முகவரிடம் விட்டிருந்தார். சாவிகளையும் கூடவே கொடுத்துவிட்டார்! அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு ஆதலால் பெட்டி வராது என்றார்கள். பருவநிலை, வந்திறங்கும் கிழமை, கைப்பையில் இருக்கவேண்டிய பொருள் ஆகிய மூன்றையும் எண்ணிப் பாராததன் விளைவு அது. விமானத்தில் செல்லும் இக்காலத்தும் ஒரு நாள் மாற்றுடையும் மருந்தும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அன்று மாலையே விடுதிக்கு வந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்த்திசையில் தடவிக் கலைத்தது மூன்றாம் பிழை. பிறர் பொருளைத் தொடாதே. முதற் சந்திப்பிலேயே ஊரில் கேட்பது போலக் கேள்விகள் கேளாதே. உரத்துப் பேசாதே என்று மேத்தா அப்போதே எடுத்துரைத்தார். அன்பின் அடையாளமாக ஓரிடத்தில் கொள்ளப்படும் செயல் மற்றோரிடத்தில் அத்துமீறலாகக் கொள்ளப்படும் என்ற பாடம் அந்தத் தொப்பியால் கிடைத்தது.

நான்காவது, பசி. விலை தெரியாமல் தங்கிய விடுதிக்கு மூன்று பவுன் கொடுக்க நேர்ந்தது. அவ்வளவு கொடுத்தும் வயிறு நிறையவில்லை. ஓர் உணவு பிடிக்கவில்லை என்று வேறொன்று கேட்டால் இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டும். பின்னர்க் குடியிருந்த வீட்டில் இன்னும் இரண்டு ரொட்டித் துண்டு கேட்கவும் நாணம் தடுத்தது. தாய்க்குக் கொடுத்த வாக்கை விட்டுவிடு என்று நண்பர் ஒருவர் வாதாடினார். வாக்கும் தவறாது, வயிறும் நிறையாது என்ற அந்நிலையில்தான் அவர் நடக்கத் தொடங்கினார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் உணவு அதுவே. அங்கேயே ஒரு ஷில்லிங் கொடுத்து, புலால் மறுத்தலைப் பற்றி சால்ட் எழுதிய நூலையும் வாங்கினார். அதுவரை வாக்கிற்காக மட்டும் காத்த நோன்பு அதன்பின் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் பின்னாளில் இடம்பெற்றார்.

ஐந்தாம் பிழை இவற்றுக்கு நேர்மாறானது. ஒதுங்கி நின்றவர், அந்நாட்டாரைப் போலவே ஆகிவிட முனைந்தார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலையுடை. நடனத்திற்கு மூன்று பவுன். வயலினுக்கு மூன்று பவுன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி. நடனத்தில் தாளத்திற்கு ஏற்பக் கால் வரவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. அனுப்பப்பட்ட பணம் தமையனாருடையது என்ற எண்ணம் உறுத்தியது.

மீட்சி ஒரு கணக்குப் புத்தகத்தில் தொடங்கியது எனலாம். பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை என ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கைக்குப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்தார். நடந்து செல்லும் தொலைவில் அறை பார்த்தார். பின்னர் ஒற்றை அறைக்கு மாறி, ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவை முடித்துக்கொண்டார். செலவு குறைந்தது, படிப்பும் நடந்தது. 1891 ஜூன் 10-இல் வழக்கறிஞராகி, 12-ஆம் நாள் ஊருக்குக் கப்பலேறினார்.

எண்ணிப் பார்க்கின், இப்பிழைகளின் வேர் இரண்டே. ஒன்று, கேட்கக் கூசுதல். மற்றொன்று, கேளாமலே பிறரைப் பார்த்துச் செய்தல். சாவியைக் கொடுத்ததும் தொப்பி வாங்கியதும் பின்னதன் கிளைகள். கப்பலிலும் வீட்டிலும் பட்டினி கிடந்தது முன்னதன் விளைவு. எதை ஊரோடு விட்டு வரலாம், எதை எங்கும் விடலாகாது என்று தெரிந்தவர்க்கு அயல்நாடு அயலாய் இராது. கூச்சத்தை அந்த இளைஞர் மெல்ல மெல்ல விட்டார். தாய்க்குக் கொடுத்த வாக்கை விடவில்லை. பெட்டி கட்டும் பிள்ளைகட்குப் பெற்றோர் சொல்லி அனுப்பத்தக்கது இதுவே. பிழை நேர்ந்தால் நாணாதே. வாய் திறந்து கேள். அன்றைய கணக்கை அன்றே எழுது.