பிரிட்டிஷ் தொழிற்கட்சியும் அதன் இடதுசாரிகளும்
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்குள் இருந்துகொண்டே அதன் தலைமையோடு போராடி வந்த இடதுசாரிகளைப் பற்றி இன்று நாம் பேசப்போகிறோம். கடல் கடந்த நாட்டின் கட்சிச் சண்டை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சங்கத்துக்குச் சந்தா கொடுப்பவன் தொழிலாளி. சங்கத்தின் பெயரால் கை தூக்குவது யார்? ஆலையிலும் வயலிலும் உழைக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு அங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது.

1900 பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்ட் ஸ்தாபனங்களும் கூடி ஒரு கமிட்டி அமைத்தன. பார்லிமெண்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதிகளை அனுப்புவதே அதன் வேலை. 1906 தேர்தலில் 29 பேர் ஜெயித்தார்கள். தொழிற்கட்சி என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் வந்தது. ஆக, சங்கம் தாய், கட்சி பிள்ளை. உற்பத்திச் சாதனங்கள் பொது உடைமையாக வேண்டும் என்பதை 1918-ல் கட்சி தன் அமைப்பு விதியின் 4-வது பிரிவில் எழுதி வைத்தது. எழுதி வைத்ததை நடத்தச் சொன்னவர்களே இடதுசாரிகள்.

முதல் பெரிய சோதனை 1931-ல் வந்தது. பிரதம மந்திரி ராம்சே மக்டொனால்டு, வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித் தொகையில் 10 சதவீதம் வெட்ட முனைந்தார். மந்திரி சபை பிளந்தது. அவரோ கன்சர்வேடிவ்களோடும் லிபரல்களோடும் கைகோத்துப் புது சர்க்கார் அமைத்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 52 இடங்களே.

கெய்ர் ஹார்டி என்ற சுரங்கத் தொழிலாளி 1893-ல் முன்னின்று அமைத்த சுதந்திரத் தொழிற்கட்சி அதுவரை தொழிற்கட்சிக்குள் இணைந்திருந்தது. இனி இங்கே இருந்து பயனில்லை என்று 1932-ல் அது வெளியேறியது. அதன் ஆத்திரத்தில் நியாயம் உண்டு. ஆனால் நடந்தது என்ன? மூன்றே ஆண்டுகளில் அதன் உறுப்பினர் தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்தது. ஏன்? சங்கங்கள் அதனோடு வெளியே வரவில்லை.

உள்ளேயே நின்றவர்களுக்கும் பாதை எளிதாக இல்லை. ஸ்டாபோர்டு கிரிப்ஸ் தலைமையிலான சோஷலிஸ்ட் லீக், பாசிசத்தை எதிர்க்கக் கம்யூனிஸ்டுகளோடும் சுதந்திரத் தொழிற்கட்சியோடும் 1937-ல் ஒற்றுமை இயக்கம் நடத்தியது. கட்சித் தலைமை உடனே லீகின் இணைப்பை ரத்துச் செய்தது, லீகும் கலைந்தது. மக்கள் முன்னணி வேண்டும் என்று விடாமல் சொன்ன கிரிப்சும் அனூரின் பெவனும் 1939-ல் விலக்கப்பட்டார்கள்.

இந்தப் பெவன் யார்? வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் ஊர்க்காரர். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். கட்சி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1945-ல் தொழிற்கட்சி 393 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தபோது அவர் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5 முதல் காசில்லாமல் வைத்தியம், காசில்லாமல் மருந்து, காசில்லாமல் மூக்குக்கண்ணாடி, பல்செட்டு! தொழிலாளி வீட்டுக் கிழவிக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

பிறகு கொரியா யுத்தம் வந்தது. ஆயுதத்துக்காக மூன்றாண்டுகளில் 470 கோடி பவுன் செலவிட சர்க்கார் திட்டம் போட்டது. நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் 1951 ஏப்ரலில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். முதலாண்டில் அதில் மிச்சமாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுன். 470 கோடி எங்கே, இது எங்கே! பெவனும் ஹரால்டு வில்சனும் ஜான் பிரீமனும் ராஜிநாமா செய்தார்கள். அத்தனை ஆயுதத்தை அந்தக் காலத்துக்குள் செய்து முடிக்க முடியாது என்று பெவன் சொன்னது சரியாகவே போயிற்று. அடுத்து வந்த சர்ச்சில் சர்க்காரே திட்டத்தின் வேகத்தைக் குறைத்தது.

தோழர்களே, இங்கேதான் நம் கேள்விக்கு வருகிறோம். 1952-ல் மோர்கம் மகாநாட்டில், தொகுதிக் கிளைகள் தேர்ந்தெடுக்கும் 7 நிர்வாகக் கமிட்டி இடங்களில் 6 பெவன் பக்கத்தாருக்குக் கிடைத்தன. ஆனால் கட்சி அவர்கள் கைக்கு வரவில்லை. தொகுதிக் கிளைகளில் தனி உறுப்பினர்கள் சுமார் 10 லட்சம். சங்கங்கள் வழியாக இணைந்தவர்கள் சுமார் 50 லட்சம். அந்த லட்சக்கணக்கான ஓட்டுகளைச் சங்கத் தலைவர்கள் மொத்தமாக ஒரே கார்டில் போட்டார்கள். போக்குவரத்துச் சங்கத்தின் ஆர்தர் டீக்கின் போன்ற பெருந்தலைவர்கள் வலதுசாரிகளின் பக்கம்.

அதே சங்கத்துக்கு 1956-ல் பிராங்க் கசின்ஸ் பொதுச் செயலாளரானார். கார்டும் திசை மாறியது. 1960-ல் ஸ்கார்பரோ மகாநாட்டில், பிரிட்டன் தானாகவே அணுகுண்டைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் தலைமையின் எதிர்ப்பை மீறி நிறைவேறியது. ஆனால் மறு ஆண்டே மற்றச் சங்கங்களைத் திருப்பி கெய்ட்ஸ்கெல் அதை மாற்றிவிட்டார். மேலே வந்த வெற்றி கீழே வேர்விடவில்லை.

பிறகு நடந்ததும் இதையே காட்டுகிறது. 1981-ல் டோனி பென் துணைத் தலைவர் தேர்தலில் 1 சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1995-ல் டோனி பிளேர் 4-வது பிரிவின் பழைய வாசகத்தையே எடுத்துவிட்டார். 2015-ல் ஜெரமி கார்பின் 59.5 சதவீத ஓட்டில் தலைவரானார். மறு ஆண்டே சொந்த எம்.பி.க்கள் 172 பேர் அவர்மேல் நம்பிக்கையில்லை என்றார்கள், உறுப்பினர்களோ 61.8 சதவீதம் கொடுத்துத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-ல் கட்சி 40 சதவீத ஓட்டு வாங்கியது. ஆனால் 2019-ல் 202 இடங்களுக்கு இறங்கியது. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும் பிரச்னையில் பழைய சுரங்க ஊர்கள் பல கைவிட்டுப் போயின. 1979-ல் 1 கோடியே 30 லட்சமாயிருந்த சங்க உறுப்பினர் தொகை அதற்குள் பாதியாகிவிட்டிருந்தது. சங்கம் மெலிந்த ஊரில் கட்சியும் மெலிந்தது.

2024 ஜூலையில், மூன்றாவது குழந்தைக்கு உதவித் தொகை மறுக்கும் விதியை நீக்கக் கோரி ஓட்டளித்த 7 எம்.பி.க்களைத் தலைமை பார்லிமெண்ட் குழுவிலிருந்து நிறுத்திவைத்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே சர்க்கார் அந்த விதியை நீக்குவதாக அறிவித்தது! சொன்னவர்களுக்குத் தண்டனை, சொன்னது சரி.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? கோபித்து வெளியேறினால் மட்டும் தொழிலாளர் கூட்டம் பின்னால் வந்துவிடாது. மேடையில் முழங்கும் நல்ல தலைவர் ஒருவர் கிடைத்தாலும் போதாது. தீர்மானிக்கும் கார்டு சங்கத்தின் கையில் இருக்கிறது. சங்கத்தின் கை உறுப்பினர் சொல்கிறபடி எழ வேண்டும். சங்கக் கிளைக் கூட்டம் காலியாக இருந்தால், நம் பெயரால் வேறு எவரோ கை தூக்குவார்.

ஆகவே தோழர்களே, சந்தாவைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகக் கூடாது. கிளைக் கூட்டத்துக்குப் போவோம். கணக்குக் கேட்போம். நம் பெயரால் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்போம். பக்கத்து மிஷின்காரரையும், பக்கத்து வயலில் நாற்று நடும் சகோதரியையும் கூடவே அழைத்துப் போவோம்.