பொறுத்தல் யாருக்கு உரியது?



பொறுத்தல் என்னும் சொல் தமிழில் இரு பணிகளைச் செய்கிறது. சுமையைத் தாங்குவதும் பொறுத்தல். பிழையை மன்னிப்பதும் பொறுத்தல். சுமை எவர் தோள்மேல் விழுந்ததோ அவரே அதைப் பொறுக்க இயலும். அருகில் நின்று பார்த்தவர் ‘பொறுத்துக்கொண்டேன்’ என்று சொன்னால் அச்சொல்லுக்குப் பொருளில்லை. வள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார். அவ்வதிகாரம் போற்றுவது, தனக்குப் பிறர் இழைத்த தீங்கைத் தான் தாங்கிக்கொள்ளும் பண்பையே ஆகும். பிறிதோர் உயிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை மூன்றாமவர் மன்னிப்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாமவர் மன்னிக்கலாமா என்னும் இவ்வினாவை வைத்து அமெரிக்க நாட்டு விளையாட்டு ரசிகர்கள் பல ஆண்டுகள் வழக்காடினர். விலங்குகளைக் கொடுமைப்படுத்திய ஆட்டக்காரரை ரசிகர்கள் மன்னிக்க வேண்டுமா என்பதே அவ்வழக்கு. வழக்குக்குக் காரணமானவர் மைக்கேல் விக்.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை போன்றவர். பந்தை யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்பவர் அவரே. வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூசில் எளிய குடும்பத்தில் பிறந்த விக், பந்தை எறிந்ததோடு நில்லாமல் தாமே ஏந்திக்கொண்டு எதிரணியைப் பிளந்து ஓடினார். 2001ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்தபோது அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அவரையே முதலாவதாக எடுத்தது. 2004இல் அதே அணி அவரோடு பத்தாண்டுகளுக்கு 13 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்தது. அவர் ஓடும்போது இருக்கையில் அமர்ந்திருந்த ரசிகர் எவருமில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

2007 ஏப்ரலில், உறவினர் ஒருவர் மீதான போதைப்பொருள் விசாரணையின் தொடர்பாக, வர்ஜீனியாவின் சர்ரி வட்டாரத்தில் விக்குக்கு உரிய வீடொன்றைக் காவலர் சோதனையிட்டனர். வெண்ணிற வீட்டின் பின்னே கருவண்ணம் பூசிய கொட்டகைகள் நின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்கள் அங்கே இருந்தன. பல நாய்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. பந்தயம் கட்டி நாய்களை மோதவிடும் தொழில் 2001 முதலே அங்கு நடந்துவந்தது வெளிப்பட்டது. சண்டைக்குப் பழக்கிப் பார்க்கும்போது ஊக்கம் காட்டாத நாய்களுக்கு அவ்விடத்தில் வாழ்வில்லை. 2007 ஏப்ரலில் மட்டும் ஆறு முதல் எட்டு நாய்கள் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொல்லப்பட்டன. அச்செயலில் தமக்கும் பங்குண்டு என்பதை விக் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஹட்சன் அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட 2007 ஆகஸ்டு 27ஆம் நாள் விக் செய்தியாளர் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். உண்மையை மறைத்தமைக்காக விளையாட்டுச் சங்கத்தின் ஆணையரிடமும் அணியின் உரிமையாளரிடமும் கேட்டார். பயிற்சியாளரிடமும் உடன் ஆடுவோரிடமும் கேட்டார். தம்மை முன்மாதிரியாகக் கொண்ட சிறுவர்களிடமும் கேட்டார். நாய்ச்சண்டை கொடியது என்றும் சொன்னார். ஆனால் மன்னிப்புக் கேட்கப்பட்டோர் வரிசையில் நாய்கள் இல்லை. இதை அவர்மேல் குறையாக ஏற்றுவதற்கில்லை. எந்த வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வரிசை அப்படித்தான் இருந்திருக்கும். வாயில்லாத ஒன்றிடம் மன்னிப்புக் கேட்கும் மொழி எவரிடமும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ரசிகர்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொண்டார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது. ‘மன்னித்தோம்’ என்று ஒரு சாராரும், ‘மன்னிக்கமாட்டோம்’ என்று மறுசாராரும் சொல்லத் தொடங்கினர். இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர். மன்னிக்கும் உரிமை தம்முடையது என்பதே அது.

அவ்வுரிமை எவ்வாறு பயன்பட்டது என்பதைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். 2009 ஜூலையில் விக் தண்டனைக் காலத்தை முடித்தார். ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எதிர்ப்பு அட்டைகளை ஏந்தியோர் தெருவில் நின்றனர். அவ்வாண்டு அவர் பெரும்பாலும் மாற்றாட்டக்காரராகவே இருந்தார். மறு ஆண்டு அணியை நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. 2010 நவம்பர் 15ஆம் நாள் வாஷிங்டன் அணிக்கு எதிராக 59–28 என்று ஈகிள்ஸ் வென்ற ஆட்டத்தில், விக் எறிந்த முதற்பந்தே 88 கெச தூர வெற்றியாக முடிந்தது. அவ்வாண்டு ‘மீண்டெழுந்த ஆட்டக்காரர்’ விருதும் பெற்றார். ரசிகர் வாக்கும் சேரும் சிறப்பாட்டத்திற்கும் தெரிவு செய்யப்பட்டார். அட்டைகளோடு தெருவில் நின்றோரின் குரல் அரங்கின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று.

ஓராண்டுக்குள் அவருடைய மனத்தில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதை எந்த ரசிகர் ஆராய்ந்தார்? மாறியது ஆட்டத்தின் எண்ணிக்கை. அந்த எறிதல்கள் தவறியிருந்தால் அதே அரங்கம் நாய்களை நினைவுகூர்ந்து அவரைத் தூற்றியிருக்கும். வெற்றி பெற்றால் வழங்கப்பட்டு, தோற்றால் பறிக்கப்படுவதை மன்னிப்பு என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு. ரசிகர் உண்மையில் மன்னித்தது தம்மைத்தான். கூச்சமின்றிக் கைதட்டுவதற்கு ஓர் அனுமதிச்சீட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

எதிர்ப்புறத்திலும் அளவு தவறியது. அவரை வேலைக்கு எடுத்த உரிமையாளரைக் குடியரசுத்தலைவர் ஒபாமா பாராட்டினார் என்ற செய்தி 2010 டிசம்பரில் வந்தபோது, தொலைக்காட்சி விமரிசகர் ஒருவர் விக் மரணதண்டனைக்கு உரியவர் என்று சொல்லி, பின்னர் வரம்பு மீறிப் பேசியதாகத் தாமே ஏற்றார். கருப்பின ரசிகர் பலர் கசப்போடு வேறொன்றைச் சுட்டினர். 2009 மார்ச்சில் மதுமயக்கத்தில் காரோட்டிச் சாலையில் ஒரு மனிதரைக் கொன்ற டான்டே ஸ்டால்வர்த் என்னும் ஆட்டக்காரருக்குக் கிடைத்தது 30 நாள் சிறை. நாயின் உயிருக்கு 23 மாதம், மனிதன் உயிருக்கு 30 நாளா என்று அவர்கள் கேட்டனர். நேர்மையான கேள்வி, அந்நாட்டு நீதித்துறை விடை சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் அது தண்டனையின் அளவு பற்றியது. ஸ்டால்வர்த்துக்குக் குறைத்து அளந்தார்கள் என்பதனால் சர்ரியில் இறந்த நாய்களின் கணக்குத் தீர்ந்துவிடாது.

இவ்விடத்தில் தமிழர் அறிந்த பழைய வழக்கொன்று துணை செய்கிறது. பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில், மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வரும்போது கன்று சக்கரத்தில் சிக்கி இறக்கிறது. இக்கதையில் மன்னன் மகனைத் தேர்க்காலில் இட்டதையே மேடைகள் போற்றிவருகின்றன. அதைவிட நுட்பமான இடங்கள் இரண்டு உண்டு. ஆராய்ச்சி மணியை அடித்தது பசு. ஊரார் அல்லர், கன்றின் சொந்தக்காரனும் அல்லன். பாதிக்கப்பட்ட உயிரே வழக்காடியாக வந்து நின்றது. அடுத்து, பசுவதைக்கு அந்தணர் விதித்த கழுவாய் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர் சொல்ல, அது கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று மன்னன் கேட்கிறான். குற்றவாளிக்கும் சபைக்கும் இடையே தீர்த்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டையும் அக்கேள்வி தகர்த்துவிடுகிறது. அவன் கண்ட விடையை இக்காலத்தார் ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டா. கேள்வி நிற்கிறது.

வர்ஜீனியா நீதிமன்றத்தில் மணி இல்லை. ஆயினும் அக்கேள்வி அங்கும் ஒருவகையில் கேட்கப்பட்டது. நாய்ச்சண்டை வழக்குகளில் பிடிபட்ட நாய்களை வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதே அதுவரை இருந்த நடைமுறை. பெயர்பெற்ற விலங்குநல அமைப்புகள் சிலவும் இந்நாய்களைக் கொல்வதே நலம் என்றன. அவை திருந்தா என்பது அவற்றின் கருத்து. (மனிதருக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டா என்று நாடு முழுவதும் விவாதித்த அதே மாதங்களில், குற்றமே செய்யாத நாய்களுக்கு அவ்வாய்ப்பை மறுக்க அறிஞர்கள் முன்வந்தார்கள்.) நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆய்ந்து பார்க்கச் செய்தது. சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் நாய்களின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அவற்றின் பராமரிப்புக்காக ஏறத்தாழ 9,28,000 டாலர் விக் செலுத்த வேண்டும் என ஆணையாயிற்று. மனுநீதி கேட்ட மருந்துக்கு மிக அருகில் வந்தது அந்த ஆணைதான்.

அவற்றுள் 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் கனாப் என்னும் ஊரருகே உள்ள காப்பகத்துக்குச் சென்றன. ஜார்ஜியா என்ற தாய்நாய் பற்கள் அனைத்தும் பிடுங்கப்பட்ட நிலையில் அங்கு வந்தது. லூக்காஸ், மெரில் என்னும் இரண்டும் வாழ்நாள் முழுவதும் காப்பகத்தை விட்டு வெளியேறலாகாது என்பது நீதிமன்றத்தின் கட்டளை. பல நாய்கள் வீடுகளில் தத்தாக ஏற்கப்பட்டன. கலிபோர்னியாவில் ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், வாசிக்கத் தயங்கும் குழந்தைகள் உரக்கப் படிக்கும்போது அருகே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பிழையாகப் படித்தாலும் அது திருத்துவதில்லை. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. மனிதரோடு மீண்டும் பழகியதால் நாய்கள் விக்கை மன்னித்துவிட்டன என்று உருக்கமாக எழுதியோர் உண்டு. ஒரு நாய் புதிய மனிதரை நம்புவதற்கும் பழைய மனிதரை மன்னிப்பதற்கும் தொடர்பில்லை. வசதியான இடத்தில் நாயின் வாயில் சொல்லை வைப்பதும் ஒருவகை வன்முறையே.

விக்கைப் பற்றியும் நடுநிலை பிறழாமல் சொல்ல வேண்டும. சிறையிலிருந்து வந்தபின் பள்ளிகளிலும் இளைஞர் கூட்டங்களிலும் நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசினார். நாய்ச்சண்டையைப் பார்க்கச் செல்வதையே குற்றமாக்கும் சட்டமுன்வடிவை ஆதரித்து 2011இல் தலைநகரில் நின்றார். 2014இல் அது சட்டமாயிற்று. தம் நற்பெயரைக் காக்கவே செய்தார் என்று ஐயுறுவோர் உளர். உள்ளத்தை அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. சட்டம் இருக்கிறது, அதனால் காப்பாற்றப்படும் நாய்களும் இருக்கின்றன. தண்டனை முடித்த ஒருவர் தாம் கற்ற தொழிலைச் செய்து பிழைப்பது அவருடைய உரிமை. அதைக் கொடுப்பதற்கு எவரும் அவரை மன்னிக்க வேண்டியதில்லை. வேலை என்பது வேறு, மன்னிப்பு என்பது வேறு. அரங்கத்தின் ஆரவாரம் இரண்டையும் குழப்பிவிட்டது.

இக்குழப்பம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் இலண்டனின் வெஸ்ட் ஹாம் அணியைச் சேர்ந்த கர்ட் சூமா தம் பூனையை உதைத்து அறையும் காட்சி வெளியாயிற்று. மறுநாள் இரவே அவர் ஆட இறக்கப்பட்டார். அரங்கம் இகழ்ந்து கூவியது. ஜூனில் நீதிமன்றம் 180 மணி நேரச் சமுதாயப் பணியும், ஐந்தாண்டு பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. எதிரணி ரசிகர்களோ பூனையை வைத்துக் கேலிப்பாட்டுக் கட்டிப் பாடினர். கோபமாகத் தொடங்கியது சிரிப்பாக முடிந்தது. மன்னிப்பைவிட இது கீழானது. உதைபட்ட விலங்கு எதிரியைச் சீண்டும் கருவியாகிவிட்டது.

ஆட்டத்தைப் போற்றினால் கொடுமையைப் போற்றியதாகுமா என்று ஐயுறும் ரசிகருக்குப் புலவர் மரபில் விடை உண்டு. கோவூர் கிழார் சோழன் கிள்ளிவளவனைப் புகழ்ந்து பாடியவர். அவனே மலையமானின் சிறுமக்களை யானைக்காலில் இட முனைந்தபோது இடையில் சென்று நின்று, அக்குழந்தைகளுக்காகப் பாடியவரும் அவரே. புகழ்ந்த வாயை அவர் மூடிக்கொள்ளவில்லை; குழந்தைகளின் சார்பில் மன்னனை மன்னித்துவிடவும் இல்லை. விக்கின் எறிதலை வியந்து கைதட்டும் ரசிகர், பல்லிழந்த ஜார்ஜியாவின் பெயரையும் அறிந்திருக்கலாம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பது சுமைதான்.

2020ஆம் ஆண்டுச் சிறப்பாட்டத்துக்கு விக்கை மதிப்புறு தலைவராக்கக் கூடாதென்று இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டனர், சங்கம் இணங்கவில்லை. 2021 டிசம்பரில் ஃப்ரோடோ என்ற நாய் முதுமையால் இறந்தது. சர்ரியிலிருந்து மீட்கப்பட்டவற்றுள் கடைசியாக உயிரோடிருந்தது அதுவே. 2024 டிசம்பரில், அதே வர்ஜீனியாவில் உள்ள நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகம் மைக்கேல் விக்கைத் தன் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது.