புதிய காரும் துணைப்பொருள்களும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசிய புலவர்களுக்குப் பின்னே, காரின் கால்விரிப்பைப் பற்றிப் பேச ஓர் இரயில்வே எழுத்தர் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் நம் காலனி வாயில்களில் இப்போது சிறு கார்கள் வந்து நிற்கின்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துச் சேர்த்த காசு அது. சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்ததால், இன்னும் பலர் வாங்க எண்ணியிருப்பர். அவர்கள் பொருட்டே இதனைச் சொல்லப் புகுந்தோம்.

நாம் கார் வாங்கியது பெருமைக்கன்று. எம் அன்னையாரைச் சிறுநீரக மருத்துவத்திற்காக மாதம் இருமுறை பெங்களூர் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. போகும்போது மாரிக்குப்பத்தில் ஏறுவதால் இடம் கிடைத்துவிடும். மாலையில் திரும்பும்போதுதான் துன்பம். எழுபது வயதைக் கடந்தவர் கம்பியைப் பற்றி நின்றவாறு வருவதை எத்தனை நாள் பார்த்திருப்பது?

ஆகவே பெங்களூரில் ஒரு விற்பனை நிலையத்தை அடைந்தோம். குளிர்ந்த அறை, குளிர்ந்த பானம், குளிர்ந்த சொல். விலைத்தாள் வந்தது. காரின் விலை விளம்பரத்திற் கண்டபடியே இருந்தது. வாழ்நாள் வரி கருநாடகத்தில் 5 இலட்சம் வரையுள்ள காருக்கு 13 விழுக்காடு. வரியின்மீது செஸ் உண்டு. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. அதன் கீழேதான் ‘அவசியத் தொகுப்பு’ என்று ஒரு வரியும் 31,400 ரூபாயும் இருந்தன.

பார்சல் அலுவலகத்தில் மூட்டையை எண்ணாமல் கையொப்பமிடும் வழக்கம் எமக்கில்லை. தொகுப்பைப் பிரித்துக் காட்டுமாறு கேட்டோம். இருக்கை உறை 8,900, கால்விரிப்பு 3,200, அடித்தகட்டுப் பூச்சு 5,500, மெருகுப் பூச்சு 6,800, கூடுதல் விளக்கு 4,600, சேற்றுத்தடுப்பு, கைச்சக்கர உறை, நறுமணப் புட்டி முதலியன 2,400. இவற்றுள் ஒன்றேனும் இல்லாமல் கார் ஓடாதா என்று வினவினோம். “எல்லாரும் போடுகிறார்கள், சார்” என்றார் அந்த இளைஞர்.

அவர்மீது எமக்குச் சினமில்லை. மலிவான காரில் விற்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது. காப்பீடு, கடன், துணைப்பொருள் ஆகிய மூன்றினாலேயே அவர்கள் அதை ஈடுசெய்கின்றனர். மலிவுக் காரின் இயல்பே அது. 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோவின் அடிப்படை வகையிற் கண்ணாடி துடைப்பான் ஒன்றே, குளிர்சாதனமும் இல்லை. வெறுமையாக வருவதைக் கண்டால் எதையேனும் பூட்டிப் பார்க்க மனம் விரும்பத்தானே செய்யும்!

காப்பீட்டிலும் இதே கதைதான். அவர்கள் குறித்தது 23,600. அதே பாதுகாப்புகளுடன் நாம் வெளியே விசாரித்தது 17,200. எங்கே காப்பீடு எடுப்பது என்பது வாங்குவோர் உரிமை. “வெளியே எடுத்தால் கார் வரத் தாமதமாகும், தொகுப்பு இன்றேல் வரிசையிற் பின்னே போகும்” என்றனர். “அப்படியே கம்பெனித் தாளில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டோம். மேலாளர் வந்தார், மறுபடியும் பானம் வந்தது. தாள் மட்டும் வரவில்லை. தொகுப்பு 18,000-க்கு இறங்கியது. பிறகு 11,000-க்கு இறங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்த 11,000-இல் நாம் பணிந்துவிட இருந்தோம். அடுத்த மருத்துவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “நான் இன்னும் ஒருமுறை நின்றே வருகிறேன், நீ எழுந்திரு” என்றவர் உடன் வந்திருந்த அன்னையார். முன்பணத்திற்கு மட்டும் இரசீது பெற்று எழுந்தோம். கார் பதினோராம் நாள் வந்தது. அவர் சொன்னபடியே, இடையில் ஒருமுறை நின்றுகொண்டுதான் வந்தார்.

இனி, வாங்கவேண்டுவன எவை? நம் ஊரில் சயனைடு மேடுகளின் தூசி எதையும் விடாது. ஆகவே கால்விரிப்பு வேண்டும். பெங்களூர் ஜே.சி. சாலையில் 1,450-க்குக் கிடைத்தது. ஓட்டுநர் பக்க விரிப்பு கொக்கியில் மாட்டி நகராதிருத்தல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று விரிக்கலாகாது. விரிப்பு நகர்ந்து முடுக்குமிதியைச் சிக்கவைக்கக்கூடும் என்பதற்காக 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி ஏறத்தாழ 38 இலட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. சேற்றுத்தடுப்பை இராபர்ட்சன்பேட்டையிலேயே பொருத்தினோம்.

விளக்கு வேண்டாம். சாதாரண முன்விளக்குக் குமிழ் 60/55 வாட். அதற்கேற்ற கம்பியில் 100/90 வாட் குமிழைப் போட்டால் கம்பி சூடேறும். கம்பியை வெட்டி ஒட்டினால் உத்தரவாதத்திற்கும் வழக்கு வரும். முன்னே பூட்டும் இரும்புத் தடுப்பு சட்டத்திற்கு மாறானது என்று 2017-இல் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது; மோதலின் விசையை அது வேறு வழியிற் செலுத்திக் காற்றுப்பையின் வேலையையும் கெடுக்கலாம். கரும்படலம் ஒட்ட விரும்பும் இளைஞர்கள், முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கங்களில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற விதியை நினைவிற் கொள்க.

இவ்வளவு பேசிய நாமும் ஓரிடத்தில் ஏமாந்தோம். வேறெவரும் ஏமாற்றவில்லை, எம் சிக்கனமே ஏமாற்றியது. ஜே.சி. சாலையில் 2,800 ரூபாய்க்கு இருக்கை உறையும் வாங்கி, 8,900-ஐ எண்ணி மகிழ்ந்தபடி இறுகத் தைத்துப் போட்டோம். தம்பி மகன் வந்து முன்னிருக்கையின் ஓரத்தைக் காட்டினான். அங்கே ‘ஏர்பேக்’ என்ற சிறு துணிச்சீட்டு உறைக்குள் மறைந்து கிடந்தது. இப்போது சில மலிவுக் கார்களிலும் ஆறு காற்றுப்பைகள் உண்டு. அவற்றுள் இரண்டு முன்னிருக்கைகளின் பக்கத்திலிருந்து வெடித்து விரிபவை. பக்கம் பிளந்து கொடுக்காத உறை அவற்றைத் தடுத்துவிடும். அன்னையார் அமர்வதும் அந்த முன்னிருக்கையிலேதான். அன்றிரவே கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தோம்.

அந்த உறை பரண்மேல் இருக்கிறது. பின்னிருக்கைக்குரிய பகுதியிற் பழுதில்லை. பக்கத்திற் காற்றுப்பை இல்லாத பழைய காருக்கு வேண்டுவோர் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம், விலை கேட்கமாட்டோம்.