முதலில் இருத்து, பிறகு இறுக்கு



ஒரே மாதிரியான 500 இரும்புத் துண்டுகளில், ஒரே இடத்தில் ஒரு துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் அளவெடுத்து, கோடு கிழித்து, சென்டர் பஞ்சால் குத்திய பிறகு துளையிடலாம். ஆனால், எவ்வளவு கைத்திறன் உள்ளவர் செய்தாலும் ஐந்நூறும் ஒன்றுபோல் அமைவது கடினம். நேரமும் மிகுதியாகச் செலவாகும். இதற்காகவே தொழிற்கூடங்களில் ஜிக், பிக்ஸ்சர் ஆகிய சாதனங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஜிக் என்பது வேலைத்துண்டைப் பிடித்துக்கொள்வதோடு, வெட்டும் கருவிக்கும் வழிகாட்டுவது. டிரில் நுழைந்து செல்ல, கடினப்படுத்தப்பட்ட எஃகுப் புஷ் அதில் பொருத்தப்பட்டிருக்கும். பிக்ஸ்சர் கருவிக்கு வழிகாட்டாது. இயந்திர மேசையில் பூட்டப்பட்டுத் துண்டை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

இவ்விரண்டும் செய்கின்ற வேலைகள் இரண்டு. ஒன்று, துண்டை அதற்குரிய இடத்தில் இருத்துவது. மற்றொன்று, அந்த இடத்தை விட்டு நகராமல் இறுக்குவது. துண்டு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்ற வேலை இருத்துதலுக்கே உரியது. இறுக்குதல் அந்தத் தீர்மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே தவிர, மாற்றிவிடக் கூடாது. பட்டறைகளில் கழிக்கப்படுகின்ற துண்டுகள் பலவற்றுக்கு, இந்த வேறுபாட்டை மறந்ததே காரணம் எனலாம்.

முதலில் இருத்துதலைப் பார்ப்போம். கட்டுப்பாடு இல்லாத ஒரு பொருள் ஆறு வகையாக அசையக்கூடும். முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகர்வது மூன்று வகை. அந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு திரும்புவது மற்றொரு மூன்று வகை. இந்த ஆறையும் ஆறு புள்ளிகளால் கட்டுப்படுத்தலாம். அடிப்பக்கத்தில் மூன்று, நீண்ட பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று. இதனை மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதி என்பார்கள்.

அடியில் ஏன் மூன்று? நம் பாட்டிமார் அடுப்புக்கு மூன்று கற்கள் வைத்ததை நினைத்துப் பாருங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் பானை மூன்று கல்லிலும் படிந்து நிற்கும். நான்காவது கல்லை வைத்தால், நான்கும் சரியாக அமையாவிட்டால் பானை ஆடும். வார்ப்பிலிருந்து வந்த சொரசொரப்பான துண்டும் அப்படித்தான். நான்கு நிலையான தாங்கிகளில் வைத்தால் ஒரு மூலை தூக்கி நிற்கும். அதை இறுக்கினால் துண்டு வளைந்துவிடும். நான்காவது இடத்திலும் தாங்க வேண்டிய தேவை இருந்தால், துண்டைத் தொடும்வரை உயர்த்திப் பூட்டக்கூடிய தாங்கியை வைக்க வேண்டும்.

இரண்டு துளைகளைக் கொண்டு துண்டை இருத்துவதும் உண்டு. அப்பொழுது இரண்டு முளைகளும் முழு வட்டமாக இருந்தால், துளைகளுக்கு இடையேயுள்ள தூரம் சிறிது வேறுபட்டாலும் துண்டு உட்காராது. ஆதலால் ஒரு முளையை வட்டமாகவும், மற்றொன்றை இரு புறமும் சீவி வைர வடிவிலும் செய்கிறார்கள். வட்ட முளை இடத்தை நிலைநாட்டும். வைர முளை துண்டு திரும்பாமல் மட்டும் தடுக்கும்.

தொடுபுள்ளிகளை எந்த முகத்தில் அமைப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரிலிருந்த ஆயுதச்சாலையில் துப்பாக்கி செய்ய, 1819ஆம் ஆண்டு ஜான் ஹால் என்பவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரு பாகம் எத்தனை பிக்ஸ்சர்களுக்கு மாறினாலும், அளவுகள் யாவும் ஒரே ஆதார இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கையாண்ட முறை. ஒவ்வொரு வேலைக்கும் ஆதாரத்தை மாற்றினால், சிறு பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரும்பிழையாகிவிடும் அல்லவா? அவருடைய துப்பாக்கிகளின் பாகங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பூட்டலாம் என்பதை, 1827ஆம் ஆண்டு அரசாங்கக் குழுவின் அறிக்கை உறுதிப்படுத்தியது.

சுத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 50 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளில், ஒன்றின்மேல் 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புச் சீவல் ஒட்டியிருக்கிறது என்போம். துண்டின் உயரம் 200 மில்லிமீட்டர் என்றால், அதன் உச்சி 0.4 மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சீவல் நான்கு மடங்கு பிழையாகிறது. அதனால்தான் தாங்கும் பரப்பைச் சிறியதாக வைத்து, மூலைகளில் சீவல் ஒதுங்கப் பள்ளம் விடுகிறார்கள். தொழிலாளியும் ஒவ்வொரு துண்டையும் வைக்குமுன் தாங்கிகளைத் தூரிகையால் துடைக்க வேண்டும்.

இனி இறுக்குதலுக்கு வருவோம். கிளாம்பின் அழுத்தம் தாங்கிக்கு நேர் மேலே விழ வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே, அடியில் ஒன்றும் இல்லாத இடத்தில் இறுக்கினால் துண்டு வளையும். வளைந்த நிலையிலேயே மில்லிங் இயந்திரம் அதன் முகத்தைச் சமமாகச் சீவிவிடும். பிக்ஸ்சரில் இருக்கும்வரை டயல் கேஜ் சரியென்றே காட்டும். கிளாம்பைத் தளர்த்தியதும் துண்டு பழைய நிலைக்கு மீளும். சீவிய முகம் சமமில்லாமல் போகும். இயந்திரத்திலும் குற்றமில்லை, கருவியிலும் குற்றமில்லை. ஆயினும் துண்டு கழிவு. பழி பெரும்பாலும் அதை ஓட்டியவர்மேல் விழுகிறது.

போல்ட்டின் இடத்தையும் கவனிக்க வேண்டும். பட்டை கிளாம்பின் ஒரு முனை துண்டின் மீதும், மறுமுனை பின்கட்டையின் மீதும் இருக்கும். போல்ட் இடையில் இருக்கும். போல்ட்டிலிருந்து துண்டுக்கு ஒரு பங்கு தூரமும், பின்கட்டைக்கு இரண்டு பங்கு தூரமும் இருந்தால், போல்ட்டின் விசையில் மூன்றில் இரண்டு பங்கு துண்டைச் சேரும். இதை மாற்றி வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் துண்டுக்கு. மீதியெல்லாம் பின்கட்டையை வீணாக அழுத்தும். ஆகவே போல்ட்டைத் துண்டுக்கு அருகில் வையுங்கள். பின்கட்டை துண்டைவிடத் தாழ்ந்திருக்கவும் கூடாது.

வெட்டும் விசை துண்டை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கத்தில் நிலையான தடை இருக்க வேண்டும். கிளாம்பை நோக்கித் தள்ளும்படி அமைத்தால், உராய்வு ஒன்றை நம்பியே துண்டு நிற்கிறது என்று பொருள்.

நேயர்களே, இது அளவு பற்றிய செய்தி மட்டுமன்று. கைவிரல்களைப் பற்றிய செய்தியும் ஆகும். டிரில் துண்டின் அடிப்பக்கத்தைத் துளைத்து வெளியேறும் நேரத்தில், அதன் வெட்டுமுனை உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். அப்பொழுது கையால் பிடித்திருந்த துண்டு, கத்திபோல் சுழன்று வரும். "சின்னத் துளைதானே" என்று எவரும் கையால் பிடிக்கக் கூடாது. சுழலும் டிரிலுக்கு அருகே கையுறையும் அணியக் கூடாது. அது சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். நீளமான துண்டாக இருந்தால், கிளாம்ப் போடுவதோடு, நீண்ட பகுதி உங்கள் இடப்புறம் இருக்குமாறு வையுங்கள். டிரில் மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுழலும் திசையில் சுழல்வதால், பிடி தவறினாலும் அந்தப் பகுதி உங்களை விட்டு விலகி, இயந்திரத்தின் தூணில் போய் முட்டும்.

கணினியால் இயங்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில் இவையெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். துண்டு எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உணர்கருவிகள் இன்று உண்மையாகவே உள்ளன. ஆனால், தவறாக இறுக்கி வளைத்த துண்டை அவை நிமிர்த்தித் தருவதில்லை. தளர்வாகப் பூட்டிய துண்டைத் தாங்கிப் பிடிப்பதுமில்லை.

ஆகவே, தொழில் பழகும் இளைஞர்கள் இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தாங்கிகளைத் துடையுங்கள். துண்டைத் தொடுபுள்ளிகள் எல்லாவற்றிலும் படியுமாறு இருத்துங்கள். ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்ற பிறகே இறுக்குங்கள். ஆடுகின்ற துண்டை கிளாம்பின் பலத்தால் அடக்க முயல வேண்டாம். ஏன் ஆடுகிறது என்று பாருங்கள். அந்த அரை நிமிடம் துண்டையும் காக்கும், உங்கள் கையையும் காக்கும்.