ஒரே அச்சில் வார்க்கப்படும் அமைப்புகள்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டுத் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை அடிக்கடி படிக்க நேர்கிறது. ஒன்று ஒடிசாவின் பழங்குடிப் பகுதியில் இயங்குவது; மற்றொன்று மும்பைக் குடிசைப் பகுதியில்; இன்னொன்று பீகாரின் வெள்ளச் சமவெளியில். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டால் எது எவருடைய அறிக்கை என்று பிரித்தறிய இயலாது. இலக்குக் குழு, பயனாளிகள், திறன் வளர்ப்பு, விளைவுக் குறியீடு என்று சொற்களும் அதே வரிசையில் வருகின்றன. மக்கள் வேறு, சிக்கல்கள் வேறு. அறிக்கை மட்டும் ஒன்றாக இருப்பது ஏன்?

தனிமனிதர்களின் சோம்பலோ நேர்மைக் குறைவோ இதற்குக் காரணம் என்று கருதுவது பிழை. அங்குப் பணிபுரியும் பலர் உள்ளார்ந்த ஈடுபாடு உடையவர்கள். காரணத்தை அவர்கள் இயங்கும் சூழலில் தேடவேண்டும்.

பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர் 1983இல் எழுதிய கட்டுரையில், ஒரே துறையில் இயங்கும் அமைப்புகள் ஒன்றுபோல் மாறுவதற்கு மூன்று வழிகளைச் சுட்டினர்: கட்டாயம், பார்த்துப் பின்பற்றுதல், தொழில்முறைப் பயிற்சி. அவர்களுடைய நோக்கு மார்க்சிய நோக்கு அன்று. எனினும் அந்த வகைப்பாடு நமக்குப் பயன்படும்.

முதலாவது கட்டாயம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்தது. 2010இன் புதிய சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சொன்னது. 2020இன் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. பெற்ற நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. பெரிய நிறுவனத்தின் வழியாகச் சிற்றமைப்புகள் நிதி பெற்ற பாதை அடைபட்டது. மறுபுறம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெருநிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடப் பணித்தது. ஆக, நிதி வரும் வாயில்கள் சிலவே. அவற்றுள் நுழைய வேண்டுமாயின் வாயிலின் அளவுக்குத் தன்னைச் செதுக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பார்த்துப் பின்பற்றுதல். திட்டத்தின் ஆயுள் ஓரிரு ஆண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. அடுத்த நிதி வருமா என்பது தெரியாது. ஒரு கிராமத்துக்குத் தன்மான உணர்வு வந்ததா என்பதை அளக்கவும் முடியாது. இவ்விரு ஐயங்களுக்கு நடுவே நிற்பவர், சென்ற ஆண்டு நிதி பெற்றவரின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுவது இயல்பே.

மூன்றாவது, பயிற்சி. அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமைக்காக 1969இல் உருவாக்கப்பட்டது 'தர்க்கச் சட்டகம்' என்னும் அட்டவணை. செயல், விளைவு, நோக்கம், குறியீடு, சான்று என எல்லாவற்றையும் கட்டங்களில் அடைப்பது அது. அதையே பின்னர்ப் பல நிதியளிப்போரும் கேட்டனர். பயிற்சி வகுப்புகளும் கற்பித்தன. கற்றவர் எந்த அமைப்புக்குச் சென்றாலும் அட்டவணையும் உடன் சென்றது.

இம்மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: அமைப்பு எவருக்குக் கணக்குக் கொடுக்கிறது? சந்தா கட்டும் உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம், நிர்வாகியை மாற்றலாம். பயனாளிக்கு அந்த உரிமை இல்லை. எனவே அறிக்கை மேல்நோக்கியே எழுதப்படுகிறது.

இந்த அட்டவணைகளுக்குள் அடங்காத ஒன்றையும் நினைவுகூர்வோம். 1990களின் தொடக்கத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்த எழுத்தறிவு இயக்கமும் அரசு நிதியில் நடந்ததுதான். ஆனால் பாடம் படித்த துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். போராட்டம் ஊர் ஊராகப் பரவி, 1993இல் மாநில அரசு சாராயத்தைத் தடைசெய்தது. எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றனர் என்று எண்ணும் அட்டவணையில் இதற்குக் கட்டமே கிடையாது.

தமிழ் படித்தவர் என்பதால் இலக்கணத்தை வைத்தே சொல்கிறேன். 'பெண்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது' என்னும் வாக்கியத்தில் பெண்கள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்கள், ஊட்டியவர் மறைந்திருக்கிறார். 'பெண்கள் கடையை மூடினர்' என்பதில் அவர்களே எழுவாய். ஓர் அமைப்பு திட்டமாகச் சுருங்குவதும் இயக்கமாக வளர்வதும் இந்த வேறுபாட்டில் தெரிந்துவிடும்.

பிறரைக் குறைகூறி முடிக்க நான் வரவில்லை. நம் கமிட்டிகளிலிருந்து வரும் அறிக்கைகளையும் மொழிபெயர்க்கிறேன். இத்தனை தெருமுனைக் கூட்டம், இத்தனை கையெழுத்து, இத்தனை துண்டறிக்கை என்று அவையும் ஒன்றுபோல் ஆகிவருகின்றன. கூட்டத்தில் மக்கள் நம்மிடம் என்ன கேட்டார்கள், எதை மறுத்தார்கள் என்பது பெரும்பாலும் இல்லை. அந்நிய நிதி வாங்காமலேயே அந்த அச்சுக்குள் நாம் போய் அமர்ந்துவிடக் கூடும்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் அறிக்கையை எழுதும் தோழர் எண்ணிக்கையை எழுதட்டும். அதற்குக் கீழே மக்கள் சொன்ன ஒரு மறுப்பையும் சேர்த்து எழுதட்டும். அதை மொழிபெயர்க்கக் காத்திருக்கிறேன்.